இடது கோடு கொஞ்சம் குட்டை

நிலம் கையகப்படுத்தும் ஒரு திட்டத்தை எதிர்த்துப் போராடும் குழுவுக்கு ஆறு வருஷமாகப் பதாகை வடிவமைத்துக் கொடுக்கிறேன். தட்டி, போஸ்டர், துண்டறிக்கை, கைபேசியில் பரப்பும் சதுரப் படங்கள் எல்லாம் என் கணினியிலிருந்துதான் போகும். சம்பளம் கிடையாது, கேட்டதும் இல்லை. அந்த நிலத்தை நம்பியிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். போராட்டம் நியாயமானது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம், மூன்றாவது மாதம். மனு கொடுத்தாயிற்று, உண்ணாவிரதம் இருந்தாயிற்று, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் பேரணி. "தோழர், இந்தத் தடவை சூடா ஒண்ணு போடுங்க" என்று இரவு பதினொரு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். எனக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் படத்தை எடுத்தேன். அவர் நெற்றியில் துப்பாக்கிக் குறி வைத்தேன். சிவப்பு வட்டம், அதற்குள் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. கீழே "தப்ப முடியாது" என்று தடித்த எழுத்து. அவசரத்தில் குறுக்குக் கோட்டின் இடது முனை வட்டத்தைத் தொடாமல் ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டது. அச்சுக்கு அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாற்பது தட்டி அடித்தோம். ஆனால் கைபேசிகளில் அது போன தூரம் மிகப் பெரிது. எத்தனை ஏக்கர், எத்தனை கிணறு, எத்தனை குடும்பம் என்று கணக்குப் பார்த்து நான் அதற்கு முன் செய்த படங்களை யாரும் பகிரவில்லை. இதைப் பகிர்ந்தார்கள், முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்துத் திட்டத்தை ஆதரிப்பவர்கள் ஒரு கூட்டம் நடத்தினார்கள். அதில் எங்கள் ஒருங்கிணைப்பாளரின் முகத்தைப் பெரிதாக அடித்து, நெற்றியில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் குழு கொந்தளித்துவிட்டது. வெளிப்படையான கொலை மிரட்டல் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். கண்டன அறிக்கை விட்டோம். அவருடைய மனைவி இரண்டு இரவு தூங்கவில்லை. பையனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அந்தப் பயம் உண்மையானது, என் கண்ணால் பார்த்தேன்.

கண்டனப் போஸ்டர் செய்யும் வேலை என்னிடம் வந்தது. எதிர்த்தரப்புப் பதாகையின் படத்தைத் திரையில் திறந்து, வட்டத்தை மட்டும் வெட்டி எடுப்பதற்காக நாலு மடங்கு பெரிதாக்கினேன். குறுக்குக் கோட்டின் இடது முனை வட்டத்தைத் தொடவில்லை. ஒரு நூல் முன்னாலேயே நின்றிருந்தது.

என் படத்தையே எடுத்து, முகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ரொம்ப நேரம் அந்த முனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "அது வேற தோழர். நாம செஞ்சது ஒரு உருவகம். அவங்க செஞ்சது மிரட்டல்" என்றார். பொய் சொல்லவில்லை, அவர் மனதார நம்பிச் சொன்னார். நானும் முந்தின நாள் வரை அப்படித்தான் நம்பியிருந்தேன். அமைச்சருக்கும் வீடு இருக்கும், அந்த வீட்டிலும் யாரோ தூங்காமல் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

இது ஏதோ எங்கள் குழுவின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் டான் கஹானும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்டது. ஒரு போராட்டத்தின் வீடியோவை 202 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே வீடியோதான். பாதிப் பேரிடம், இது கருக்கலைப்பு மருத்துவமனைக்கு முன்னால் நடந்த போராட்டம் என்றார்கள். மீதிப் பேரிடம், ராணுவத்தில் ஒருபால் ஈர்ப்பாளர்களுக்கு இருந்த தடையை எதிர்த்து ஆள்சேர்ப்பு மையத்துக்கு முன்னால் நடந்தது என்றார்கள். போராடியவர்கள் வழியை மறித்தார்களா, மிரட்டினார்களா, அமைதியாக நின்றார்களா என்று கேட்டபோது, பார்த்தவர்களின் கொள்கைக்குப் பிடித்த போராட்டம் என்றால் அமைதி தெரிந்தது, பிடிக்காத போராட்டம் என்றால் அராஜகம் தெரிந்தது. பார்த்துவிட்டு மனசாட்சியை அடக்கிப் பொய் சொன்னார்கள் என்றில்லை. அவர்கள் கண்ணுக்கே அப்படித்தான் தெரிந்திருக்கிறது. இதைப் படித்ததும் எங்கள் ஒருங்கிணைப்பாளர் மேல் இருந்த என் கோபம் குறைந்தது, என் வேலையைப் பற்றிய பயம் கூடியது. கண் இப்படி ஏமாறும் என்றால், அந்தக் கண்ணுக்குத் தீனி போடுகிறவன் நான்.

படம் ஆளைக் கொல்லாது என்று அடிக்கடி சொல்வார்கள். ஜெர்மனியில் யூலியஸ் ஸ்ட்ரைஷர் 1923-இல் ஆரம்பித்த பத்திரிகை யூதர்களைச் சிலந்தி, புழு, பாம்பு என்று வாரா வாரம் வரைந்து தள்ளியது. அவர் படை நடத்தியவரும் இல்லை, முகாம் நடத்தியவரும் இல்லை. நியூரம்பெர்க் நீதிமன்றம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காக அவருக்கு மரண தண்டனை விதித்தது, 1946 அக்டோபரில் தூக்கில் போட்டார்கள். ருவாண்டாவில் 'கங்குரா' என்ற பத்திரிகை 1993 நவம்பர் இதழின் அட்டையில் ஒரு வெட்டுக்கத்தியை வரைந்து, கரப்பான்பூச்சிகளை ஒரேயடியாக ஒழிக்க எந்த ஆயுதத்தை எடுப்போம் என்று கேட்டது. கரப்பான்பூச்சி என்றது துட்சி மக்களை. அடுத்த ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியது. அதில் அதிகம் எடுக்கப்பட்டது அந்த ஆயுதம்தான். அந்த ஆசிரியரைச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-இல் தண்டித்தது.

எங்கள் தட்டியை இவற்றோடு சமமாக வைக்கவில்லை. அங்கே அரசு அதிகாரமும் ஆயுதமும் பின்னால் நின்றன, எங்களிடம் நாற்பது தட்டி இருந்தது. ஆனால் கையாண்ட வித்தை ஒன்றுதான். எதிராளியை மனிதன் என்ற வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, அவருக்கு என்ன நடந்தாலும் பார்க்கிறவருக்கு உறுத்தாதபடி செய்வது. பூச்சியாக, எலியாக, அரக்கனாக வரைவதும் குறி வட்டம் போடுவதும் இந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன. வரையும்போது இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. எங்கள் பேரணியில் தடியடி. இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. உடனே படம் வேண்டும். அந்த நேரத்தில் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. ரத்தம் வழியும் முகத்தோடு ஒரு சிறுமி, பின்னால் சீருடைக்காரர்கள். யார் அனுப்பியது, யாரிடமிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 'நம் பேரணியில் இன்று' என்று போட்டு அனுப்பினேன். மூன்று மணி நேரம் கழித்து, அது வேறு நாட்டில், சில வருஷங்களுக்கு முன் எடுத்தது என்று எதிர்த்தரப்பு மூலப் படத்தோடு வெளியிட்டது. மறுநாளிலிருந்து எங்கள் பையனின் உடைந்த மண்டையை யாரும் நம்பவில்லை. மருத்துவமனைச் சீட்டைக் காட்டினாலும் "இதுவும் எங்கிருந்து எடுத்தது?" என்று கேட்டார்கள். பொய்ப் படத்தால் நஷ்டப்பட்டது எதிர்த்தரப்பு இல்லை, அந்தப் பையன்.

1989 டிசம்பரில் ருமேனியாவின் திமிசோவாராவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. சர்வாதிகார அரசின் படை மக்களைச் சுட்டது, அது உண்மை. ஆனால் உலகம் முழுக்கப் போன பிணக்குவியல் படங்களில் இருந்தவை, ஆதரவற்றோர் இடுகாட்டிலிருந்து தோண்டி எடுத்த, ஏற்கெனவே வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடல்கள் என்று பிறகு தெரிந்தது. நிஜமாகச் சுடப்பட்டவர்களின் சாவின் மேலேயே சந்தேகம் விழுந்தது. மியான்மர் ராணுவம் 2018-இல் ரோஹிங்யா பிரச்சினை பற்றி ஒரு புத்தகம் போட்டது. பௌத்தர்களை வங்காளிகள் கொன்ற காட்சி என்று அதில் ஒரு படம். ரோஹிங்யா முஸ்லிம்களைத்தான் அந்த ராணுவம் வங்காளிகள் என்று சொல்லும். அது 1971-இல் வங்கதேசப் போரின்போது டாக்காவில் எடுத்தது என்று ராய்ட்டர்ஸ் கண்டுபிடித்தது. ராணுவம் மன்னிப்புக் கேட்டது. கவனியுங்கள், யாரோ ஒருவருடைய உண்மையான சாவை எடுத்து வேறு ஒருவருடைய கணக்கில் எழுதியிருக்கிறார்கள். நான் அந்தச் சிறுமிக்குச் செய்ததும் அதுதான். அவள் யார், பிழைத்தாளா என்று நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்காக ரத்தம் தெரியும் படமே கூடாது என்று சொல்ல மாட்டேன். 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அவன் அம்மா சவப்பெட்டியை மூட மறுத்தார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்பது அவர் முடிவு. சிதைந்த அந்த முகத்தின் படம் பத்திரிகையில் வந்தது, ஒரு தலைமுறையையே உசுப்பியது. அந்தப் படத்துக்கு ஒரு பெயர் இருந்தது, நாள் இருந்தது, இடம் இருந்தது, தாயின் சம்மதம் இருந்தது. அது சாட்சி. நான் பரப்பியதில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

இப்போது ஒரு படம் வந்தால் இந்த நான்கையும் கேட்காமல் தொடுவதில்லை. முதலில் படத்தையே இணையத்தில் கொடுத்து, அது இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பேன். கூகுள், டின்ஐ, யாண்டெக்ஸ் மூன்றிலும், முழுப் படமாக ஒரு தடவை, ஓரத்தை வெட்டி ஒரு தடவை. பழைய படத்தைப் புதிது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஓரத்தைத்தான் வெட்டியிருப்பார்கள். பெயர்ப்பலகை, வண்டி எண், பின்னணியில் நிற்பவர்களின் உடை எல்லாம் அங்கேதான் இருக்கும். பிறகு அனுப்பியவரிடம் மூலக்கோப்பு கேட்பேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் பற்றிய தகவல் கழன்றுபோய்விடும், அதனால் ஆவணமாக அனுப்பச் சொல்வேன். எடுத்தவர் யார் என்றே சொல்ல முடியாவிட்டால் அந்தப் படம் எவ்வளவு நெஞ்சைப் பிசைந்தாலும் போகாது. செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களுக்கும் இந்த ஒரு வழிதான் எனக்குத் தெரியும். விரலை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்த காலம் முடிந்துவிட்டது. எடுத்தவரை எட்டிப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் குடும்பத்திடமும் சம்மதம் கேட்டுக்கொள்வேன். இரண்டு தடவை வேண்டாம் என்றார்கள். இரண்டும் வலுவான படங்கள், போடவில்லை.

இதுவரை சொன்னது படத்தைப் பற்றி. எனக்கு இதைவிடக் கஷ்டமாக இருந்தது வார்த்தை.

இரண்டாம் வருஷம் எங்கள் ஊர்வலத்திலிருந்து சிலர் கல் எறிந்தார்கள். திட்டப் பணிக்கு மண் ஏற்றிப் போன ஒரு லாரியின் முன்கண்ணாடி உடைந்து ஓட்டுநரின் கண்ணில் சில்லு ஏறியது. எறிந்தவர்கள் வெளி ஆட்கள் இல்லை. ஒருவனை எனக்கே தெரியும், தட்டி கட்ட வருவான். அன்று இரவு அறிக்கை எழுதினோம். 'சில சமூக விரோதிகள் ஊடுருவியதால் சிறு அசம்பாவிதம் ஏற்பட்டதாகத் தெரிகிறது. வன்முறையை நாங்கள் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. ஆனால் மக்களின் நியாயமான கோபத்தை…' என்று போய், மீதி முழுக்க அரசைப் பற்றி.

எங்கள் குழுவில் அறிக்கைகளைத் திருத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். பேச்சு குறைவு. அவர் ஒன்றும் சொல்லாமல், தடியடிக்கு நாங்கள் விட்ட பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு சிவப்புப் பேனாவால் வினைச்சொற்களை மட்டும் கோடு போட்டார்.

தடியடி அறிக்கையில் 'அடித்தார்கள்', 'உடைத்தார்கள்', 'இழுத்துப் போட்டார்கள்'. எல்லாவற்றுக்கும் எழுவாய் இருந்தது, காவல்துறை. கல்வீச்சு அறிக்கையில் 'ஏற்பட்டது', 'நடந்ததாகத் தெரிகிறது', 'காயம் உண்டானது'. எறிந்தவர் யாரும் இல்லை. கல் தானாகப் புறப்பட்டு, கண்ணாடி தானாக உடைந்து, காயம் தானாக உண்டாகியிருந்தது. பையனுக்குப் பெயர் இருந்தது, வயது இருந்தது, அவன் அம்மா அழுதது இருந்தது. ஓட்டுநருக்கு 'வாகன ஓட்டி ஒருவர்' என்று மூன்று சொல்.

"அந்த டிரைவர் பேரு என்ன?" என்று அக்கா கேட்டார். பதினாலு பேர் இருந்தோம். யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அவர் மருத்துவமனைக்குக் கிளம்பினார். நானும் போனேன். உள்ளே விடுவார்களா, அடிக்க வருவார்களா என்று பயமாக இருந்தது. ஓட்டுநரின் ஒரு கண்ணில் கட்டு. எங்களை யார் என்று சொன்னதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி ஒரு மருந்துச் சீட்டை எடுத்துப் பிரித்தார். சட்டையிலிருந்து பொறுக்கிய கண்ணாடித் துண்டுகளை அதில் மடித்து வைத்திருந்தார். "கேஸுக்கு வேணும்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். ஏழோ எட்டோ துண்டு, கல்கண்டைவிடச் சிறியவை. அக்கா "எங்க ஆளுங்கதாம்மா எறிஞ்சாங்க" என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. சீட்டைத் திரும்ப மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். மன்னிப்பும் கிடைக்கவில்லை, திட்டும் கிடைக்கவில்லை. பெயர் மட்டும் தெரிந்துகொண்டு வந்தோம்.

இரண்டாவது அறிக்கையில் 'எங்கள் ஊர்வலத்தில் வந்தவர்கள் கல் எறிந்தார்கள்' என்று எழுதினோம். 'ஆனால்' இல்லை. அதை எடுப்பதற்கு மூன்று மணி நேரம் சண்டை. "அவங்க நம்ம பையன அடிச்சப்ப வருத்தம் தெரிவிச்சாங்களா?" என்று கேட்டார்கள். தெரிவிக்கவில்லைதான். 1922-இல் சௌரி சௌராவில் போலீஸ் முதலில் சுட்டது, அதில் போராடியவர்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது, 20-க்கும் மேற்பட்ட போலீஸார் இறந்தார்கள். காந்திக்கு ஒரு 'ஆனால்' கையில் தயாராக இருந்தது. அவர் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்திவிட்டு ஐந்து நாள் பட்டினி கிடந்தார். சிறையில் இருந்த தலைவர்கள் கோபப்பட்டார்கள். நிறுத்தியது சரியா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது, எனக்கும் அதில் தீர்மானமான கருத்து இல்லை. தன் பக்கத்து ஆட்கள் செய்ததைத் தன் பக்கத்து ஆட்கள் செய்ததாகவே அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அறிக்கைக்கு விலையும் கொடுத்தோம். 'ஒப்புக்கொண்டார்கள்' என்று எதிர்த்தரப்பு அதையே போஸ்டர் அடித்தது. எங்களில் ஒன்பது பேர் விலகினார்கள், அதில் மூன்று பேர் நல்ல உழைப்பாளிகள். கல் எறிந்த பையன் இப்போது என்னோடு பேசுவதில்லை. இதைச் செய்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அன்றிலிருந்து அறிக்கை எழுதும்போது அக்காவின் சிவப்புப் பேனா எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எழுதி முடித்ததும் ஆட்களை இடம் மாற்றி ஒரு தடவை உரக்கப் படிப்போம். காவல்துறை என்ற இடத்தில் நம் குழு, நம் குழு என்ற இடத்தில் காவல்துறை. மாற்றிப் படிக்கும்போது எந்த வாக்கியம் கூசுகிறதோ அது பொய்யான வாக்கியம். 'படுகொலை' என்றால் இரண்டு பக்கமும் படுகொலை, 'உயிரிழப்பு' என்றால் இரண்டு பக்கமும் உயிரிழப்பு. அடிபட்டவர் எந்தப் பக்கம் என்றாலும் பெயர், வயது, என்ன காயம் என்று எழுத வேண்டும், பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் தவிர. தேதி போட்ட ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். சம்பவம் நடந்த நேரம், நாம் கண்டித்த நேரம், எத்தனை வரி. நம் ஆள் அடிபட்டால் நாற்பது நிமிஷத்தில் அறிக்கை வந்துவிடுகிறது. நம் ஆள் அடித்தால் மூன்று நாள் ஆகிறது. முதல் வருஷ நோட்டு அப்படித்தான் இருந்தது. இப்போது ஒரு நாளுக்குள் வருகிறது. இன்னும் சமம் ஆகவில்லை.

இதில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உலகத்தில் நடக்கும் எல்லாக் கொடுமைக்கும் ஒரே அளவு அழ யாராலும் முடியாது. நிலப் போராட்டக்காரன் நிலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவான், அது குற்றம் இல்லை. நம் கண் முன்னால், நம் ஆட்களால் நடந்ததைச் சுருக்குவதும், மறைப்பதும், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்படுவதும்தான் நான் சொல்லும் குற்றம். அப்புறம், "அப்போ எங்கே போனீங்க?" என்ற கேள்வி. அடிபட்டவன் அழும்போது அவன் வாயை மூட இதைவிடச் சுலபமான ஆயுதம் கிடையாது. அதனால் அந்தக் கேள்வியை எதிர்த்தரப்பிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். என் குழுவிடம் மட்டும் கேட்கிறேன். ஒரு கல்லும் ஒரு அரசின் தடியடியும் ஒரே எடை என்றும் சொல்ல வரவில்லை. அதிகாரம் உள்ளவன் செய்வது பெரிய குற்றம்தான். அந்த லாரி ஓட்டுநருக்கு அதிகாரம் எதுவும் இருக்கவில்லை.

பதாகைக்கு வருகிறேன். வெறுப்புப் பேச்சு எப்போது தண்டிக்கத்தக்க தூண்டுதலாக மாறுகிறது என்று பார்க்க, ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012-இல் மொராக்கோவின் ரபாத்தில் ஆறு அளவுகோல்களை வகுத்தார்கள். சூழல், பேசுகிறவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், எவ்வளவு தூரம் பரவும், தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு. அது சட்டத்துக்கானது, மிக உயரத்தில் வைத்த கோடு. எங்களைப் போன்றவர்களுக்கு அதில் சூழலும் வாய்ப்பும்தான் அதிகம் உதவுகின்றன. போன மாதம் தவறே இல்லாத படம், நேற்று கலவரம் நடந்திருந்தால் இன்று வேறு படம். தட்டியைப் பிடிக்கப்போகும் கூட்டம் எந்த மனநிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அதை அச்சுக்கு அனுப்பக் கூடாது. கேலிச்சித்திரம் போடுகிறோம், கடுமையாகவே போடுகிறோம். அமைச்சர் கோப்பைப் புரட்டாமல் கையெழுத்துப் போடுவதை வரைந்தேன், அவருக்கு உறைத்திருக்கும். அவர் செய்ததை வரையலாம். அவருக்குச் செய்ய வேண்டியதை வரையக் கூடாது. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பரவுமா என்றால், அவ்வளவு பரவாது. நெற்றி வட்டம் போன தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட என் இப்போதைய படங்கள் போவதில்லை. சில இரவுகளில், "தோழர், சூடா ஒண்ணு" என்று யாராவது கேட்கும்போது கை அரிக்கத்தான் செய்கிறது. கோபம் குறையவில்லை, அந்த நிலம் இன்னும் மீட்கப்படவில்லை.

புதிதாக வடிவமைக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் கோரல் டிராவையோ ஃபோட்டோஷாப்பையோ திறப்பதில்லை. அந்த இரண்டு பதாகைகளையும் அச்சடித்து வைத்திருக்கிறேன். முகங்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, வட்டமும் கோடும் மட்டும் தெரியும்படி மேசையில் வைத்து, "இதுல எது கொலை மிரட்டல்?" என்று கேட்பேன். பெரும்பாலும் உடனே தாளை உரித்து முகத்தைப் பார்க்கத்தான் கை போகும். போன மாதம் வந்த ஒரு பெண் தாளைத் தொடவில்லை. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணே, இந்த இடது கோடு ரெண்டுலயும் குட்டையா இருக்கு" என்றாள். "ரெண்டையும் ஒரே ஆளா செஞ்சாங்க?"